நல்லவேளை அண்ணாச்சி

பட்டாசு வட்டாரத்தில் எந்த ஊர் டீக்கடைக்குப் போனாலும் அங்கே ஒரு நல்லவேளை அண்ணாச்சி இருப்பார். அச்சங்குளத்திலும் உண்டு. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லவேளைன்னு நினைச்சுக்கோ மாப்ளே" என்று தொடங்குவார். பாதிப் பேர் டீயை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. தீபாவளிக்கு இரண்டே மணி நேரம்தான் வெடி என்றது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பங்கு வைத்தது. சரம் பின்னியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். அண்ணாச்சி அடைக்கவில்லை.

"பத்தாயிரம் வாலாவைப் பத்த வச்சா, கண்ணை மூடித் திறக்குமுன்ன அம்புட்டுக் காசும் கரி. இப்போ பிள்ளைக ஒத்தை வெடியா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஓடி ஒளியுதுக. அதுதானப்பா சந்தோசம்! ஏழு மணிக்கே முடிஞ்சிருதா, இட்லியும் சூடாக் கிடைக்குது."

நாட்டுக்கே வெடி செய்து அனுப்பும் ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. 14 வருடம் அசையாமல் நின்ற விலை. குச்சியையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். அண்ணாச்சி ஒரு பெட்டியைப் பெஞ்சில் கொட்டி எண்ணிவிட்டு, "14 குச்சி சும்மா தாரானப்பா!" என்று பூரித்துப்போனார். கூடுதல் ஒரு ரூபாயை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சீமையின் சரித்திரமே அவர் கட்சியில் அல்லவா நிற்கிறது! மழை ஏமாற்றி, வெள்ளாமை கைவிட்ட கரிசல் பூமி இது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மருந்து முக்கிய குச்சி காய என்ன வேண்டும்? பெய்யாத வானமும் சுட்டெரிக்கும் வெயிலும். இரண்டுக்கும் இங்கே பஞ்சமே இல்லை. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே பட்டாசு வந்தது, லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. சம்சாரிகள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலும் எவரோ ஒரு அண்ணாச்சி, "நல்லவேளை, பெய்யலை" என்று சொல்லி அடி வாங்கியிருப்பார்.

அவருக்கும் ஒரு எல்லை உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பேச்சு வரும்போது வெளியூர்க்காரர் எவராவது, "நிவாரணமாச்சும் கிடைச்சுதுல்ல" என்று இழுத்தால், "பேசாம டீயைக் குடிய்யா" என்று அதட்டிவிடுவார். இந்த ஒன்றுக்காகவே அவருடைய மற்ற நல்லவேளைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கடைக்காரர் கட்சி வேறு. பாக்கி ஏறிக்கொண்டே போனதில் ஒருநாள், "அண்ணாச்சி, இனிமே ரொக்கம்தான். நல்லவேளை, எனக்கும் நோட்டுல எழுதுற வேலை மிச்சம்" என்று போட்டார் ஒரு போடு. பெஞ்சே கொல்லென்று சிரித்தது.

அண்ணாச்சி அசரவில்லை. "நல்லதாப் போச்சுப்பா. சுகருக்கு டாக்டரு தினம் நடக்கச் சொல்லியிருக்காரு" என்று எழுந்தார். வேகாத வெயிலில் பஸ் ஸ்டாப் கடை வரை நடந்துபோய், சீனி தூக்கலாக ஒரு டீ சொன்னார். அங்கே புது நோட்டில் முதல் பக்கம் அவருக்குத்தான்.