கிருமிக்கு இன்னும் கோயில் இல்லை

கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்ததும், 2021-இல் இருகூரில் கொரோனா தேவியைப் பிரதிஷ்டை செய்ததுமான நம் கோயமுத்தூரிலே, கணினிக் கிருமிக்கு மட்டும் இதுகாறும் ஒரு சந்நிதி எழும்பாதது ஆச்சரியமே. தெய்வத்தை மட்டும் நம்பியிருப்பதும் உசிதமன்று. 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்னும் கிருமி உலகைச் சூறையாடியபோது, திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை.

தெய்வத்துக்குத் துணையாக வேண்டிய காவலன் ஆன்டிவைரஸ் என்னும் மென்பொருள். அது செய்யும் காரியம் யாதெனில், உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் தான் அறிந்த கிருமிகளின் அடையாளங்களோடு ஒப்பிட்டு நோக்கி, அடையாளம் புலப்பட்டாலோ, அன்றி அதன் நடத்தை சந்தேகாஸ்பதமாயிருந்தாலோ தடுத்து, தனியே அடைத்து வைப்பதாகும். அவ்வடையாளப் பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படாவிடில், நேற்றுப் பிறந்த கிருமி அதற்கு அந்நியமே.

இத்தகைய காவலனை நம் பீளமேட்டுப் பட்டறை முதலாளி நடத்தும் விதம் விசித்திரமானது. லட்சக்கணக்கில் செலவிட்டுச் சி.என்.சி. இயந்திரம் வாங்கிய அம்மகானுபாவர், கணக்கு மென்பொருளை மட்டும் திருட்டுப் பிரதியாகப் பெற்று, ‘நிறுவுமுன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று அதனுடன் வந்த உபதேசத்தைச் சிரமேற்கொண்டு அணைத்தும் விடுகிறார்.

“ஏனுங்க, ஆபத்தில்லீங்களா?” என்கிறார் கணக்குப்பிள்ளை.

“அது கெடந்தா கம்ப்யூட்டர் இழுக்குதப்பா!”

விண்டோஸுடன் ஒரு காவல் மென்பொருள் இனாமாகவே வருகிறது. அதை அணைக்காதிருப்பதற்குத் தம்பிடி செலவில்லை, ஐயா.