மழலை தீர்த்த பெருமான்கள்

மூத்ததை ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு, இளையதற்கு எந்தப் பள்ளி என்று உறக்கம் துறந்திருக்கும் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள் முற்பிறவியில் என்ன தவம் செய்தார்களோ! விசைத்தறிச் சத்தத்தையும் வெல்லும் ஆரன் ஒலியோடு தெருத்தெருவாக மஞ்சள் வேன் அனுப்பி, தேடி வந்து ஆட்கொள்ளும் ஆங்கிலவழி மழலையர் பள்ளிகளின் கருணையைப் பாட எனக்கு ஒரு நாக்கு மட்டுமே வாய்த்தது பெருங்குறை.

திருநாமங்களைச் சொன்னாலே நாவு இனிக்கும். ஒன்று ‘இன்டர்நேஷனல்’, ஒன்று ‘குளோபல்’, ஒன்று ‘வேர்ல்டு’. மிகை என்று புறம்பேசுவோர் அறியாதவர்கள். நம் பேட்டையிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலே ஆந்திரம் வந்துவிடுகிறது. அந்த அளவுக்குப் பெயர் மெய்தானே? சுற்றுச்சுவரில் ஒட்டகச்சிவிங்கி, வாசலில் மிக்கி மவுஸ், பலகையில் நீச்சல்குளத்தின் வண்ணப்படம். குளத்தில் குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்ற தாயுள்ளத்தால் படத்தோடு நிறுத்திக்கொண்ட பேரருளை எந்தப் புலவர் பாடினார்?

சேர்க்கை நாளின் மாட்சியைத் தனியே சொல்ல வேண்டும். மூன்றரை வயதுப் பெருமாட்டி குளிரூட்டிய அறைக்குள் அழைக்கப்பட்டு, மாம்பழத்தின் படத்தைக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்று வினவப்படுகிறாள். பிறகு அப்பாவின் படிப்பு, அம்மாவின் படிப்பு, வீடு சொந்தமா வாடகையா, தறி சொந்தமா கூலிக்கா. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையில் பிள்ளையையும் பெற்றோரையும் வடிகட்டக் கூடாது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அப்புறம் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று முரட்டுத்தனமாகப் பேசுகிறது. ஆனால் அச்சட்டம் ‘குழந்தை’ என்று கருதுவது ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை. நம் பெருமான்களோ சட்டம் வந்து சேருமுன்பே, மூன்றரையிலேயே வடிகட்டி முடித்துவிடுகிறார்கள். இந்தச் சுறுசுறுப்பு எந்த அரசு அலுவலகத்தில் உண்டு?

மொழி விஷயத்தில் அவர்களது நடுவுநிலைமை துலாக்கோலை நாணச் செய்வது. வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யும் அவர் தோழர்களும் சிறை சென்று, 1960 ஏப்ரல் 1இல் நம் பேட்டை இருக்கும் திருத்தணிப் பகுதியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள். என்ன வீண் அலைச்சல்! அம்மண்ணில் இன்று தமிழில் தண்ணீர் கேட்டாலும் அபராதம், தெலுங்கில் நீள்ளு கேட்டாலும் அதே அபராதம். இரண்டு மொழிகளோடு வீட்டிலிருந்து வரும் பிள்ளையை ஓரவஞ்சனை இல்லாமல் இரண்டிலிருந்தும் விடுவித்து, மூன்றாவதன் வாசலில் வாயடைத்து நிற்க வைக்கும் இத்தகைய எல்லைச் சமாதானத்தை இரு மாநில அரசுகளும் கண்டதில்லை.

கீழ்ப்படிதலிலும் குறையில்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் முதலிரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அவ்வகுப்புகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசும் அதே ஆண்டு சுற்றறிக்கை விட்டது. உடனே நம் பள்ளிகள் வீட்டுப்பாடத்தை ஒழித்து ‘ஆக்டிவிட்டி’யை அருளின. பகலெல்லாம் தார் சுற்றிக் களைத்த அம்மா, நள்ளிரவில் தெர்மாகோலை வெட்டிச் சனிக் கோளுக்கு வளையம் மாட்டுகிறாள். பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது. முதியோர் கல்வியை இத்தனை அடக்கமாக, விளம்பரமே இல்லாமல் நடத்துவோர் வேறு யார்?

அருகிலேயே அரசு தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதன் குற்றங்களை எப்படி மறைப்பது? ஆசிரியப் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வும் எழுதி வந்தவர்களைப் பாடம் நடத்த விடுகிறார்கள். புத்தகத்துக்குக் காசு வாங்குவதில்லை, சீருடைக்கும் வாங்குவதில்லை. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் காலையில் உப்புமா, கிச்சடி என்று சுடச்சுடப் போடவும் ஆரம்பித்துவிட்டார்கள். பசியில்லாத பிள்ளைக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்? அதைவிடக் கொடுமை, பிள்ளைக்குப் புரியும் மொழியிலேயே பாடம் நடத்துகிறார்கள்.

இந்தக் குறையால் நம் வட்டாரம் முன்பே நஷ்டப்பட்டிருக்கிறது. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு எல்.கே.ஜி. கிடைக்கவில்லை, டை கட்டி, “ஜானி ஜானி” பாடும் பேறு வாய்க்கவில்லை. பாவம், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், 1962இல் குடியரசுத் தலைவர் என்ற அளவோடு நின்றுவிட்டார். இப்போது அவர் பிறந்த நாளில், பயிற்சி பெறாத, மாதச் சம்பளத்தை வெளியில் சொல்லக் கூசும் இளம்பெண்களுக்குப் பள்ளித் தாளாளர் ஆளுக்கொரு பேனா பரிசளித்து ஆசிரியர் தினம் கொண்டாடுகிறார்.

யு.கே.ஜி. முடிந்ததும் பட்டமளிப்பு விழா. சித்திரை வெயிலில் கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக ஐந்து வயதுப் பட்டதாரிகள் வியர்த்து வழிந்து மேடையேறும் கோலம் கண்கொள்ளாது. அங்கி வாடகை தனி, புகைப்படம் தனி. ஒன்றாம் வகுப்புக்கு அதே பள்ளியில் மறுபடி சேர்க்கைக் கட்டணம். பட்டம் வாங்கியவர் புது மாணவர்தானே?

இளைய பிள்ளை வைத்திருப்போருக்குச் சலுகையும் உண்டு. அக்காவோ அண்ணனோ அங்கேயே படித்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு சிறு தள்ளுபடி. அத்தொகை வேன் கட்டணத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், எங்கும் தொலைந்து போகாது. பளபளப்பான விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறதே, படிக்கத் தெரியவில்லையே என்று தயங்கும் தகப்பன்மார் அஞ்ச வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டிய ஒரு வரியை மட்டும், கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில், அழகிய தமிழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்: ‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.’