ஊரே மெச்சும்படி தாழ்மையாக இருப்பது எப்படி?

காளப்பநாயக்கன்பட்டியில் கொல்லிமலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஊழியக்காரர்களுக்கும், மலையேறாமல் அடிவாரத்திலேயே பெயர் வாங்க நினைப்பவர்களுக்கும் இந்த யோசனைகள்.

முதல் வேலை ஃபிளெக்ஸ். பத்தடிக்குக் குறையக் கூடாது. படத்தில் கை கூப்பியிருக்க வேண்டும், தலை லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் ‘தேவ மனிதர்’, பின்னால் ‘எளிய ஊழியன்’. ‘தேவனுக்கே மகிமை’ என்ற வரியை அச்சகத்தின் போன் நம்பர் பக்கத்தில் போட்டால் போதும்.

அடுத்தது ஜெபம். லூக்கா பதினெட்டாம் அதிகாரத்துப் பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் கடவுளிடமே கணக்குக் காட்டிக் கெட்டுப்போனான். இப்போது அந்த வழி எடுபடாது. ஆயக்காரனைப் போல் மார்பில் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மைக் பக்கத்தில் இருக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது ‘நான் ஒரு புழு’ என்று குரல் கம்மச் சொல்லலாம். யாராவது ‘ஆமாம், புழுதான்’ என்று ஒத்துக்கொண்டால் அடுத்த ஞாயிறே சபை மாறிவிடுங்கள்.

விருந்து வீட்டில் கடைசி இடத்தில் உட்காரச் சொன்னார் இயேசு. உட்காருங்கள். ஆனால் ‘அண்ணே, நீங்க போய் இங்கேயா!’ என்று கையைப் பிடித்து முன்னால் இழுத்துப்போக ஒரு மச்சானை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மச்சான் மறந்தால் பாயசம் தீர்ந்த பந்திதான் கிடைக்கும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வாழவந்தி பக்கம் போனால் எவலின் பிராண்ட் அம்மாளின் கல்லறை இருக்கிறது. இவரை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டால் பிழைக்க முடியாது. லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டைக் கட்டிக்கொண்டு, ரோடே இல்லாத இந்த மலைக்கு வந்தார். 1929-ல் கணவர் காய்ச்சலில் இறந்தார். ஊருக்குத் திரும்பிப்போய் விதவைத் தியாகத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கலாம். செய்யவில்லை.

கீழ்ப்படிதலும் போதாது. எழுபதை நெருங்கும் வயதில், ‘மலைக்குப் போக வேண்டாம்’ என்றது மிஷன். இன்னும் ஒரே ஒரு வருஷம் கீழே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டார். அது முடிந்து வழியனுப்பு விழா நடத்தியபோது, மிஷனிலிருந்து விலகி மலைக்கே போவதாகச் சொல்லிவிட்டார். பணிவு என்றால் தலையாட்டுவது என்று நம்பும் நம் சபைக் கமிட்டிகள் இவரை ஒரு மாதம்கூட வைத்திருக்காது. அப்புறம் எலும்பு முறிந்து, இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974 டிசம்பரில் இறக்கும்போது வயது 95.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடியே வைக்கவில்லையாம். சொன்னவர் அவருடைய மகன், தொழுநோயாளிகளின் விரல்களைச் சீராக்கிய வேலூர் டாக்டர் பால் பிராண்ட். கண்ணாடி இல்லாத வீட்டில் தாழ்மையான முகத்தை எப்படிப் பழகுவது?

இன்னொருவர் கதையும் உண்டு. பிராண்ட் தம்பதியைக் கடுமையாக எதிர்த்த பூசாரி அவர். தன் செல்வாக்குப் போய்விடும் என்ற பயம். முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில் அவரும் மனைவியும் விழுந்தார்கள். பயத்தில் வேண்டியவர்களே எட்டிப் பார்க்கவில்லை. வந்தது ஜெஸ்ஸி பிராண்ட்தான். சாகும் நேரத்தில் பூசாரி, தன் பிள்ளைகளை, கைக்குழந்தை உட்பட, அந்த எதிராளியிடமே ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள்.

இந்தக் கதையை மட்டும் உங்கள் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். ஜனங்கள் பூசாரியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள், உங்களுக்கு வாங்கி வைத்த சால்வை மேஜையிலேயே கிடக்கும்.