பெருக்கல் மாமா

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடிகாலையில் ஓர் இளைஞனின் முழங்கையைப் பிடித்தபடி பெரியவர் ஒருவர் நடக்கிறாரா? அவர் பெருக்கல் மாமாதான். யாருக்கும் சொந்த மாமா இல்லை. லீவில் ஊருக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் மாமா. வெளிநாட்டிலிருந்து வந்த பையனுக்கு முதல் வாரம் தூக்கம் பிடிக்காது, விடியுமுன்பே நடக்கக் கிளம்பிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

"ஏந்தம்பி, மியூனிக்ல எவ்வளவு போட்டுத் தர்றானுங்க?"

பையன் நெளிவான். அங்கே பக்கத்து சீட்டுக்காரன்கூட அவனிடம் இதைக் கேட்டதில்லை. "ஆரம்பச் சம்பளந்தானுங்க மாமா. வருசத்துக்கு 50,000 யூரோ."

மாமா ஒரு கணம் கண்ணை மூடுவார். யூரோ 2025-ல் 100 ரூபாயைத் தாண்டியதிலிருந்து அவருக்குக் கால்குலேட்டர் தேவைப்படுவதில்லை. இரண்டு சுழியைச் சேர்த்தால் தீர்ந்தது. "அரைக் கோடி!" என்பார். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் அது, "அந்தப் பையன் அரைக் கோடி கையில வாங்கறான்" என்றாகி, வடவள்ளி வரை போய்ச் சேர்ந்துவிடும்.

வில்லங்கம் 'கையில' என்பதில்தான். ஜெர்மனியில் சம்பளச் சீட்டில் மேலே இருக்கும் தொகை புரூட்டோ, கடைசியில் இருப்பது நெட்டோ. நடுவில் இருப்பதைப் படிக்கக் கொஞ்சம் மனத்தைரியம் வேண்டும். மாதம் 4,167 யூரோ என்று தொடங்கும். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, அப்புறம் மருத்துவக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு. இந்தக் கடைசிக் காப்பீட்டில், 23 வயது தாண்டியும் பிள்ளை இல்லாதவர்களுக்கு 0.6 சதவீதம் கூடுதல். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று நம்மூர் அத்தைமார் இலவசமாகக் கேட்பதை அங்கே அரசாங்கம் காசு வாங்கிக்கொண்டு கேட்கிறது. பிறகு வருமான வரி, அதுவும் தனியாளுக்குரிய முதல் வரி வகுப்பில். பையன் கிறிஸ்தவனாக இருந்து, முகவரியைப் பதியும்போது படிவத்தில் வெள்ளந்தியாகக் 'கத்தோலிக்' என்று எழுதியிருந்தால், பவேரியாவில் அந்த வரியின் மேல் 8 சதவீதம் சர்ச் வரி வேறு. சர்ச் வரி இல்லாதவனுக்கே கையில் வருவது 2,700 யூரோவை எட்டாது.

அதில் மியூனிக் வாடகைக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விடும், ஒற்றை அறைக்கே. அப்படிப்பட்ட வீடு பலவற்றில் அடுப்படி இருக்காது. இடம் இருக்கும், மேடை, அடுப்பு, தொட்டி எல்லாம் போன குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், இல்லையென்றால் உங்களிடமே விலை பேசுவார். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை. டி.வி. இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ.

பையன் இதையெல்லாம் சொல்லிப் பார்ப்பான். மாமா காது கொடுத்துக் கேட்பார், தலையும் ஆட்டுவார். எல்லாம் முடிந்ததும், "காலி பாட்டிலக் கொடுத்தாக் காசு தருவானுங்களாமே?" என்பார். ஆமாம், 25 சென்ட். வாங்கும்போது கட்டிய பணம்தான் திரும்பி வருகிறது. மாமாவுக்கு அந்தப் பாதி காதில் விழாது. "காலி பாட்டிலுக்கு 25 ரூபாயா!" என்று அதையும் வருமானத்தில் சேர்த்துவிடுவார்.

வளைகுடா, சிங்கப்பூர் என்றால் இன்னும் வேகம். துபாய்ப் பையனிடம், "வரியே இல்லீங்களே, அப்படியே மிச்சம்!" என்பார். வருமான வரி இல்லைதான். ஆனால் வீட்டு வாடகைக்கு முன்தேதியிட்ட செக்குகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, தேதி நெருங்க நெருங்க அவன் படும் பாடு மாமாவின் கணக்கில் வராது. சிங்கப்பூரில் மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. அடுத்த வருடம் பில் அனுப்புவார்கள். முதல் வருடம் முழுவதையும் செலவழித்த பிள்ளைகள் அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் முகம் பார்க்க வேண்டியது.

மாமாவுக்குக் கழிக்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த மகன் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருக்கிறான். அவன் சம்பளத்தில் பி.எஃப்., பெட்ரோல், பேக்கரிக் கணக்கு எல்லாம் கழித்து, "என்னத்த மிஞ்சுது?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் கேட்பார். ஊரான் பிள்ளைக்குப் புரூட்டோ, தன் பிள்ளைக்கு நெட்டோ. அந்தப் பிடித்தங்களுக்கு ஈடாக மியூனிக் பையன் டாக்டரிடம் அட்டையை நீட்டிவிட்டு வரலாம், வேலை போனால் சில மாதமாவது பணம் வரும். நியாயமாகப் பார்த்தால் பெருக்க வேண்டியது இதைத்தான். இதை அவர் பெருக்கி நான் பார்த்ததில்லை.

அவருடைய முழுத் திறமையையும் மகளுக்கு வரன் பார்த்தபோதுதான் கண்டேன். மாப்பிள்ளை ஸ்டுட்கார்ட்டில் எஞ்சினியர். லீவில் வந்தவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா, "பையனுக்கு 50 லட்சம் பேக்கேஜுங்க" என்று ஆரம்பித்தார்.

"புரூட்டோங்களா, நெட்டோங்களா?" என்றார் மாமா.

கூடத்தில் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது. அடுத்து, வாடகை ஹீட்டிங் சேர்ந்ததா சேராததா என்று கேட்டார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் ரேஸ்கோர்ஸ் பையன்களின் முழங்கையிலிருந்து இத்தனை வருடமாகக் கறந்த ஞானம்.

"இப்ப மாப்பிள்ளை ஒண்ணாம் வகுப்பு வரிங்க. கல்யாணம் ஆகி, சம்சாரம் கூடப் போயி, வேலைக்குப் போகாம வீட்ல இருந்தா மூணாம் வகுப்பு. இதே சம்பளத்துக்கு மாசம் 300 யூரோவுக்கு மேல மிச்சமாகும். வருசத்துக்கு நாலு லட்சம்னு வைங்க. இது எங்க அம்மிணி காலெடுத்து வைக்கறதால வர்றது. சீர்ல அதக் கழிச்சுப் பேசலாமுங்களே?"

மாப்பிள்ளையின் அப்பா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தபடி, "கணக்குச் சரிதானுங்கப்பா" என்றான்.

அப்போது கதவோரத்திலிருந்து அம்மிணியே கேட்டாள். அவளும் எஞ்சினியர். "நானும் அங்க அவரளவுக்குச் சம்பளத்துல வேலைக்குப் போனா எந்த வகுப்புங்க?"

"நாலும் நாலுமுங்க. அப்ப அந்த மிச்சம் வராது" என்றான் மாப்பிள்ளை.

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப முதல்ல பேசுன பவுனே இருக்கட்டுமுங்க."