நீலம் சொல்லாதது

எண்பதுகளில், மூணாறு எஸ்டேட் லயத்தில், என் தம்பிக்கு இன்சுலின் ஊசி போடுவதென்றால் முதலில் அடுப்பு மூட்டணும். கண்ணாடி சிரிஞ்சு கொதித்து ஆறணும். சுகர் பார்க்கவும் அதே அடுப்புதான். டெஸ்ட் ட்யூபில் பெனடிக்ட் கரைசலோடு எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்து நிறம் பார்ப்போம். செங்கல் நிறம் வந்தால் வீடே இடிந்து உட்காரும். நீலமாகவே நின்றால் அம்மாவுக்கு மூச்சு வரும். ஆனால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை என்பதோடு நீலம் நிறுத்திக்கொள்ளும். ரத்தத்தில் அடியோடு இறங்கிக் கிடப்பதைச் சொல்லாது. ஒரு விடியக்காலையில் அவன் வேர்த்து உளறினான். காத்து கருப்பு என்று விபூதி பூசினார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணி புகட்டிய பிறகுதான் தெளிந்தான். இப்படி ஆகலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து பயந்துபோய் அம்மா மருந்தைக் குறைத்தே போட்டாள். அந்தக் குறைதான் அவனை உருக்கியது.

இப்போது கொழிஞ்சாம்பாறையில் என் பேரனுக்கு வயது 14. டைப் 1 சர்க்கரை நோய். கையில் பேனா ஊசி, மீட்டர். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷனுக்கு இந்தப் பிள்ளைகளுக்கென்றே 'மிட்டாயி' என்று ஒரு திட்டம் இருக்கிறது. மூணாறு குளிரில் இன்சுலின் ஜன்னலோரம் கிடந்தது; பாலக்காட்டு வெயிலில் கரண்டு போனால் மண்பானைக்குள் வைக்கிறோம்.

ஊசி தொடங்கிய வாரங்களில் அவனுக்கு எழுத்து மங்கியது. மகள் கண்ணாடிக் கடைக்கு ஓடப் பார்த்தாள். சுகர் சட்டென்று இறங்கும்போது கண் லென்ஸ் அப்படித்தான் தடுமாறும், சில வாரம் பொறுங்கள் என்றார் டாக்டர். சரியாயிற்று. அடுத்து, பந்து விளையாடிய ஒரு ராத்திரி மீட்டர் 52 காட்டியது. 70க்குக் கீழே என்றால் காத்திருக்கக் கூடாது. பதினைந்து கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 61. இன்னொரு தம்ளர். 94 வந்ததும் ஒரு இட்லி. மறுநாள் மருமகன், "இன்னைக்கு ஊசி வேண்டாம்" என்றார். "டாக்டர்கிட்ட கேட்டு அளவை மாத்துங்க, நிறுத்தாதீங்க" என்று நான் சத்தமே போட்டேன். என் அம்மாவின் பயம் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அவன் மறைத்தது வேறு. வலிக்காத இடம் என்று தொப்புளுக்கு இடப்பக்கமே குத்திக் குத்தி, தொட்டால் உருளும் கட்டி. அதில் போட்ட மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்துவிட்டான். 1922 ஜனவரி 11இல் டொராண்டோவில் முதன்முதல் இன்சுலின் போட்டுக்கொண்ட லெனார்ட் தாம்சனும் 14 வயசுதான் என்றேன். ஊசி போட்ட இடத்தில் சீழ் வைத்தது, நிறுத்தினார்கள், காலிப் என்பவர் மருந்தைச் சுத்திகரித்துத் தர, 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பிழைத்து 13 வருஷம் இருந்தான்.

"அவனுக்கும் கட்டியா அம்மாச்சி?" என்று கேட்டுச் சட்டையைத் தூக்கினான். டாக்டர் அளவைக் குறைத்துத் தர, இடம் மாற்றிப் போடுகிறான். புது இடத்தில் மருந்து முழுசாக ஏறும், பழைய அளவு தாங்காது.

சுகர் இறங்கினால் காரணமில்லாமல் கோபம் வரும் என்று அவனுடைய பெஞ்சுத் தோழனுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். "சும்மா சும்மா எரிஞ்சு விழுந்தான்னா குளுக்கோஸ் குடுத்துருவேன் அம்மாச்சி, அப்புறம்தான் சண்டை" என்கிறான் அந்தப் பையன்.