உன் இஷ்டம்மா!

கேள்வி: “மனப்பூர்வமாகத் தருகிறேன்” என்று கையெழுத்துப் போட்டால் சிறுநீரகம் கொடுத்துவிடலாமா? சட்டம் நம்பிவிடுமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: லேசில் நம்பாது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவல்லாதவர் தருவதானால் அங்கீகாரக் குழு முன் உட்கார்ந்து, பாசத்தால்தான் தருகிறேன், பணத்துக்காக இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். கண்ணப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. சிவனுக்காகக் கண்ணைப் பெயர்த்தபோது சாட்சிக்குச் சிவகோசரியார் மறைந்து நின்றார். நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் சிறுநீரகம் கொடுத்த விசைத்தறித் தொழிலாளிகளுக்கு இருந்தது பாசமல்ல, கடனும் தரகரும்தான் என்பது புகார். 2025 ஆகஸ்டில் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் அதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. இந்த மாதிரிப் பாசம் எப்போதும் தறிக்கூடத்திலிருந்து பங்களாவுக்குத்தான் போகிறது. எதிர்த்திசைக்கு மாட்டுத்தாவணியில்கூட பஸ் கிடைக்காது!

சரி, சொந்தத்துக்குள் என்றால்? பணம் கைமாறாது; பார்வை மாறும். நாலு பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு “உன் இஷ்டம்மா, யாரும் வற்புறுத்தலை” என்பார்களே, அதைவிடப் பெரிய வற்புறுத்தல் உண்டா? இந்தியாவில் உயிரோடிருக்கும்போதே உறுப்பு தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண்களுக்குப் பாசமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

இது புரிந்துதான் 2014 விதிகள், தருபவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் மூலம் அவள் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும் என்கின்றன. அந்த வேறொருவர் மாமியாராக இல்லாதவரை நல்ல விதி.