தீவில் தனியே விட்டால்...

கேள்வி: ஆளில்லாத தீவில் சிறுவர்களைத் தனியே விட்டால், ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் வருவதுபோல அடித்துக்கொண்டு சாவார்களா?

பதில்: பள்ளி ஆசிரியராகவும் போரில் கடற்படை அதிகாரியாகவும் இருந்த, இந்த நாவலை எழுதிய வில்லியம் கோல்டிங் அப்படித்தான் பயந்தார். 1954-இல் வந்த அந்த நாவலில் தீ மூட்டுவது, பிக்கி என்ற கிட்டப்பார்வைச் சிறுவனின் மூக்குக்கண்ணாடி. அதற்காகவே திருட்டு, அடிதடி. கிட்டப்பார்வைக் கண்ணாடியோ ஒளியைக் குவிக்காது, விரிக்கும். சருகுகூடப் பற்றாது! ஆனாலும் நாவல் உலகெங்கும் பற்றிக்கொண்டது.

நிஜத்தில் நடந்தது நேரெதிர். 1965-இல் டோங்கா நாட்டு விடுதி மாணவர்கள் ஆறு பேர் படகில் கிளம்பிப் புயலில் சிக்கி, அட்டா தீவில் ஒதுங்கினார்கள். கட்டையை உரசி மூட்டிய தீயை, முறைவைத்துக் காத்து அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு, அவன் வேலையையும் மற்றவர்களே செய்தார்கள். 15 மாதங்கள் கழித்து ஆஸ்திரேலியர் பீட்டர் வார்னர் வந்து மீட்டபோது ஆறு பேரும் நலமாக இருந்தார்கள்.